பிழைக்கத் தூக்கும் நாலு பேர்



தியானப் பகுதி: மாற்கு 2:1–12

பிரியமானவர்களே! நம்ம ஊர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. யாரோடும் ஒட்டாமல் வாழ்கிற மனுஷனைப் பார்த்து, "கடைசியில தூக்கிட்டுப் போறதுக்காவது நாலு பேர் வேணுமேப்பா" என்பார்கள். செத்த பிற்பாடு தூக்க நாலு பேர்! ஆனால் கப்பர்நகூமிலே நாம் காண்கிற நாலு பேர் வேறே. அவர்கள் பிழைக்கவேண்டிய ஒருவனை உயிரோடே தூக்கிக்கொண்டு போனார்கள். ஆளுக்கு ஒரு மூலையாகப் படுக்கையைப் பிடித்தார்கள். வாசலிலே ஜனக்கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. விட்டார்களா? கூரைமேல் ஏறினார்கள், கூரையைப் பிரித்தார்கள், இயேசுவின் பாதத்தண்டையிலே இறக்கினார்கள். அல்லேலூயா!

ஐந்தாம் வசனத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஆண்டவர் யாருடைய விசுவாசத்தைக் கண்டார்? "அவர்கள்" என்று பன்மையிலே எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனிடம் போய், "உனக்கு விசுவாசம் இருக்கா, எவ்வளவு இருக்கு?" என்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தூக்கி வந்தவர்களுடைய விசுவாசம் அவருக்கு முன்பாகத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது? வேர்த்துப்போன முகத்திலே, மண் ஒட்டிய கையிலே தெரிந்தது.

இன்றைக்குப் புற்றுநோய் என்கிற வார்த்தை நம்முடைய விசுவாச வீடுகளுக்குள்ளேயும் வந்துவிட்டது. மனைவிக்கு மார்பிலே கட்டி, அப்பாவுக்கு வாயிலே புண், பிள்ளைக்கு இரத்தத்திலே நோய் என்று ஜெபக்குறிப்புகள் வருகின்றன. சில வீடுகளில் ஜெபக்குறிப்புகூட வருவதில்லை, மூடி மறைத்துவிடுகிறார்கள். ஏன் தெரியுமா? வெளியே சொன்னால் சபையார் என்ன சொல்வார்களோ என்ற பயம். "என்ன பாவமோ, எந்தச் சாபமோ" என்று நாலு வாய் பேசுமே!

பிறவிக் குருடனைக் கண்டபோது சீஷர்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். பாவம் செய்தது இவனா, பெற்றவர்களா என்றார்கள். ஆண்டவர் இரண்டையும் தள்ளிவிட்டார் (யோவான் 9:3). அவர் தள்ளின கேள்வியை நாம் எடுத்து நோயாளியின் தலைமாட்டில் வைக்கலாமா? ஏற்கனவே படுக்கையில் கிடக்கிறவர் மேல் இன்னொரு கல்லை ஏற்றலாமா? புற்றுநோய் தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. சாபம் என்று ஒதுங்கிப்போகிற நாம்தான் வாசலை அடைத்து நின்ற அந்த ஜனக்கூட்டம். அவர்களும் வசனம் கேட்க வந்த ஜனங்கள்தானே! ஆனாலும் வழியை மறித்தார்கள்.

தேவ ஜனமே, படுக்கைக்கு நாலு மூலை உண்டு. ஒரு மூலையை மட்டும் உயர்த்தினால் நோயாளி கீழே சரிந்துவிடுவான். நாலு மூலையும் ஒன்றாக உயரவேண்டும். அந்த நாலையும் தியானிப்போம்.

முதலாம் மூலை: ஜெபம்

நம்முடைய தேவன் சுகமாக்குகிற தேவன். இதிலே எனக்குச் சந்தேகமே கிடையாது. வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்று யாக்கோபு 5:14 நமக்கு வழிகாட்டுகிறது. ஜெபத்தை விடாதேயுங்கள். ஆனால் படுத்திருக்கிறவருடைய சரீரத்தை அறிந்து ஜெபியுங்கள்.

கீமோ மருந்து ஏறினபின், ஏழாம் நாள் முதல் பதினாலாம் நாள் வரைக்கும் அநேகருக்கு இரத்தத்திலே வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துபோகும். கிருமியை எதிர்க்கிற பெலன் அப்போது சரீரத்தில் இராது. அந்த நாட்களில் இருபது பேர் சின்ன அறைக்குள் நெருங்கி நின்று இரண்டு மணி நேரம் ஜெபிப்பது அவருக்கு நல்லதல்ல. இரண்டு பேர் போங்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள். சளி, இருமல் இருந்தால் வீட்டிலிருந்தே ஜெபியுங்கள். பெதானியாவில் இருந்த சகோதரிகள் ஆள் அனுப்பித்தான் ஆண்டவரிடத்தில் சொன்னார்கள். தூரம் அவருக்குத் தடையல்ல.

ரேடியேஷன் எடுக்கிறவர்களுக்கு அந்த இடத்துத் தோல் கறுத்து, வெந்ததுபோல இருக்கும். அங்கே டாக்டர் சொல்லாத எந்த எண்ணெயும் படக்கூடாது. குறிப்பதற்காக வரைந்திருக்கிற கோடுகளும் அழியக்கூடாது. ஆகவே நெற்றியிலே ஒரு துளி எண்ணெய் பூசி ஜெபித்தால் போதும். அளவு பார்த்தா கர்த்தர் கேட்கிறார்?

உபவாசம்? நோயாளி உபவாசிக்க வேண்டாம். அவருக்கு ஒவ்வொரு கவளமும் பெலன். அவருக்குப் பதிலாக நாம் உபவாசிப்போம். ஆளுக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். "அக்கா, வெள்ளிக்கிழமை உங்களுக்காக நான் உபவாசம். நீங்க கஞ்சியைக் குடிங்க" என்று சொல்லுகிற சகோதரி, படுக்கையின் ஒரு மூலையைப் பிடித்துவிட்டாள்.

இரண்டாம் மூலை: சிகிச்சை

ஒரு சகோதரர் ஒருநாள் இரவு பத்து மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, எட்டு கீமோவில் நாலு முடிந்திருந்தது. முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, அந்த அம்மா துவண்டுபோயிருந்தார்கள். அந்த வாரம் ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஜெபித்தவர், "சுகமாயிற்று, இனி மருந்தைத் தொட்டால் அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டார்.

"பாஸ்டர், அவ இனிமே ஊசி போடமாட்டேங்கறா. நான் போன்னு சொன்னா எனக்கு விசுவாசம் இல்லேங்கறா. போகாதேன்னு சொல்ல எனக்குப் பயமா இருக்கு. என்ன செய்யட்டும்?" என்று அழுதார்.

மறுநாள் காலையிலே நானும் என் மனைவியும் அந்த வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாவிடம் சண்டை போடவில்லை. வேதத்தைத்தான் திறந்தேன். "அம்மா, பத்துக் குஷ்டரோகிகளையும் ஆண்டவர் எங்கே அனுப்பினார்?" என்று கேட்டேன். "ஆசாரியரிடத்துக்கு" என்றார்கள். எதற்கு? சோதித்துப் பார்த்துச் சொல்லுகிற பொறுப்பு அந்நாட்களிலே ஆசாரியனுக்கு இருந்தது (லூக்கா 17:14). கர்த்தர் கொடுத்த சுகம் பரிசோதனைக்குப் பயப்படாது! "நாமும் டாக்டரிடம் போய்க் காண்பிப்போம். சுகத்தைக் கர்த்தர் கொடுத்திருந்தால் அது ஆஸ்பத்திரி வாசலில் ஓடிப்போய்விடாது" என்றேன்.

பிறகு நாகமானைப் பற்றிப் பேசினோம் (2 இராஜாக்கள் 5). எலிசா அவனை யோர்தானிலே ஏழுதரம் முழுகச் சொன்னார். நாலாந்தரம் முழுகி எழுந்தபோது அவன் எப்படி இருந்திருப்பான்? மூன்றாந்தரத்துக்கும் நாலாந்தரத்துக்கும் என்ன வித்தியாசம் கண்டிருப்பான்? ஐந்தாவதுக்கு இறங்க அவனுக்கு எவ்வளவு அலுப்பாக இருந்திருக்கும்! ஏழாவது முடிந்தபோதுதான் மாம்சம் மாறினதாக வேதம் சொல்லுகிறது.

அந்த நாகமானை ஆற்றுக்குள் இறக்கினது யார்? அவனுடைய ஊழியக்காரர்! அவன் கோபத்தோடே திரும்பிப்போனான். அவர்கள் அதட்டவில்லை, "தகப்பனே" என்று கூப்பிட்டு நயமாய்ப் பேசினார்கள். நோயாளியோடு இருக்கிறவர்களே, இதைக் கவனியுங்கள். கீமோ நாட்களில் உங்கள் மனைவி எரிந்து விழலாம். உங்கள் தகப்பனார் தட்டைத் தள்ளிவிடலாம். பேசுவது வேதனை. நீங்கள் ஊழியக்காரரைப் போல நயமாய்ப் பேசுங்கள்.

அந்த அம்மா டாக்டரிடம் போனார்கள். ஸ்கேனிலே ஒன்றும் தெரியவில்லை. ஸ்தோத்திரம்! ஆனாலும் டாக்டர், "மீதி நாலையும் முடிக்கணும்" என்றார். ஏன் என்று கேட்டோம். அவர் சொன்னது எல்லாருக்கும் உதவும். ஒரு சென்டிமீட்டர் கட்டியிலே ஏறக்குறைய 100 கோடி செல்கள் இருக்குமாம். அதைவிட மிகச் சிறிதாய் எங்கேயாவது ஒளிந்திருந்தால் ஸ்கேனுக்கு அகப்படாது. கண்ணுக்குத் தெரியாத அந்த மிச்சத்துக்குத்தான் மீதி மருந்து. வயலிலே மேல்புல்லைப் பறித்துவிட்டு வேரை விட்டால் அடுத்த மழைக்கு என்ன ஆகும் என்று விவசாயிக்குத் தெரியும். அந்த அம்மா எட்டையும் முடித்தார்கள். கர்த்தர் இம்மட்டும் அவர்களைக் காத்துவருகிறார்.

மருந்து விசுவாசத்துக்கு விரோதமா? எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்தவர் கர்த்தர். அதே அதிகாரத்தில் அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் வைக்கச் சொன்னவன் ஏசாயா தீர்க்கதரிசி (2 இராஜாக்கள் 20:7). பவுலோடே கூட இருந்த லூக்கா ஒரு வைத்தியன். நம்முடைய தேசத்தையே பாருங்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் வேலூரிலே ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார்கள். அது இன்றைக்கு எவ்வளவு பெரிய விருட்சமாக நிற்கிறது! 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன குழுக்களில் இருந்த டாக்டர் ஹோவார்ட் சாமர்வெல், குமரி மாவட்டத்து நெய்யூரிலே ஏழைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து தன் பெலத்தைச் செலவழித்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம்முடைய தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்தவர். அந்தக் கண்ணீரிலிருந்து 1954-ல் சென்னை அடையாறிலே 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழும்பியது. இந்த வாசல்களைத் திறந்துவைத்தவர் யார்? நன்மையான எந்த ஈவும் பரத்திலிருந்துதானே வருகிறது!

ஒரு எச்சரிப்பு. கீமோ எடுக்கிறவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், அது நடுராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். "காலையில் பார்ப்போம்", "ஜெபித்துவிட்டுப் போவோம்" என்று தாமதிக்கவேண்டாம். ஆட்டோவில் போகும்போதே ஜெபியுங்கள். அந்தக் காய்ச்சலில் சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்து. வீட்டிலே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, வேதப்புத்தகத்தின் பக்கத்திலேயே வையுங்கள்.

மூன்றாம் மூலை: அடுப்பும் தலைமாடும்

சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலாவது என்ன செய்தான்? பிரசங்கம் பண்ணினானா? தழலிலே சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான். தூதன் கோபிக்காமல் இரண்டாந்தரமும் எழுப்பிக் கொடுத்தான் (1 இராஜாக்கள் 19:5–7). எங்கள் சபைச் சகோதரிகளுக்கு நான் சொல்லுவது: நீங்கள் அந்தத் தூதனுடைய வேலையைச் செய்யுங்கள்.

கீமோ எடுக்கிறவருக்கு வாய் ருசி மாறிப்போகும். இரும்பு நக்கினதுபோல இருக்கிறது என்பார்கள். நேற்றுப் பிடித்தது இன்றைக்குக் குமட்டும். தாளிக்கிற வாசனையே ஆகாது. ஆகவே ஒரேயடியாய்த் தட்டு நிறைய வைக்காதேயுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுங்கள். இட்லி, குழைந்த சாதம், வேகவைத்த முட்டை, பருப்புத் தண்ணீர், ஆறின கஞ்சி நல்லது. ரோட்டோரத்து ஜூஸ், வெட்டி வைத்த பழம் வேண்டாம். தண்ணீரைக் காய்ச்சி ஆறவையுங்கள்.

முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் அநேகருக்கு முடி கொட்டும். தலையணையிலே கொத்துக் கொத்தாகக் கிடப்பதைக் காணும்போது ஒரு பெண்பிள்ளையின் இருதயம் உடைந்துபோகும். "முடிதானே, போனா வளரும்" என்று லேசாகச் சொல்லிவிடாதேயுங்கள். மருந்து முடிந்தபின் பெரும்பாலும் வளருவது உண்மைதான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு வேண்டியது கூட இருந்து அழுகிற ஒரு ஆள். நம்முடைய தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று ஆண்டவர் சொன்னாரே (மத்தேயு 10:30). அப்படியானால் தலையணையில் உதிர்ந்ததையும் அவர் எண்ணிவைத்திருக்கிறார்!

யோபுவின் சிநேகிதர் ஏழுநாள் பேசாமல் தரையிலே உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழுநாளும் அவர்கள் நல்ல சிநேகிதர். வாயைத் திறந்த பிற்பாடுதான் கெட்டது! தலைமாட்டிலே பேசாமல் உட்காருவதும் ஊழியம்.

இன்னொருவரை மறந்துவிடாதேயுங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிற அந்தக் கணவன், அந்த மகள், அந்தத் தாய்! எல்லாரும் "அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்பார்கள். "நீ எப்படி இருக்கே, சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று கேட்பார் இல்லை. மோசேயின் கைகள் உயர்ந்திருந்தபோது இஸ்ரவேல் ஜெயித்தது. ஆனால் மோசேக்கும் கை அசந்துபோயிற்றே! உட்காரக் கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆரோன் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் நின்று தாங்கினார்கள் (யாத்திராகமம் 17:12). வாரத்தில் ஒரு ராத்திரி நீங்கள் போய் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்ளுங்கள். "தம்பி, நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சுத் தூங்குப்பா. நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்கள். அதுதான் அவன் உட்காருகிற கல்.

நாலாம் மூலை: பணம், இரத்தம், பேப்பர்

நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்திலே பணமும் கட்டினான். அதோடு நிறுத்தினானா? திரும்பி வருகிறபோது மீதியையும் தருவேன் என்றான் (லூக்கா 10:35). முதல் மாதம் உதவி செய்ய எல்லாரும் வருவார்கள். ஆறாம் மாதம்? ஐந்து வாரம், ஆறு வாரம், வாரத்தில் ஐந்து நாள் ரேடியேஷனுக்குப் போகிற ஒரு குடும்பத்துக்குப் பஸ் சத்தமே எவ்வளவு ஆகும்! திரும்பி வருகிற சமாரியர்கள் சபைக்கு வேண்டும்.

படித்த வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. தமிழ்நாட்டிலே 2012-ல் தொடங்கின முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் இருக்கிறது. தகுதியுள்ள அநேகர் அந்த அட்டையையே வாங்காமல் நகையை அடகு வைக்கிறார்கள். சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ரயிலிலே ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு அவற்றில் 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்குரிய படிவத்தில் சான்றிதழ் வாங்கவேண்டும். வரிசையில் நின்று அந்தப் பேப்பரை வாங்கிக் கொடுப்பதும் கூரையைப் பிரிக்கிற வேலைதான்!

இரத்தம் கொடுங்கள். 18 வயதுக்கு மேற்பட்ட, சரீர சுகமுள்ளவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். இரத்தப் புற்றுநோய்க்காரருக்குத் தட்டணுக்கள் அடிக்கடி தேவைப்படும். எடுத்துவைத்த தட்டணு ஐந்து நாளுக்குமேல் நிற்காது. அதனால்தான் ஆள் ஆளாய்த் தேடுகிறார்கள். நமக்காகத் தம் இரத்தத்தையே சிந்தினவரை ஆராதிக்கிற நாம், ஒரு பாட்டில் இரத்தம் கொடுக்கப் பயப்படலாமா?

படுக்கையைக் கீழே போட்டுவிடாதேயுங்கள்

கடைசியாக ஒன்று. எல்லாம் செய்தும், ஜெபித்தும், மருந்து கொடுத்தும், நோய் திரும்பி வந்தால்? டாக்டர், "இனி வீட்டிலே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால்? அந்த நாளில்தான் அநேக வீடுகளுக்குச் சபையார் போவது நின்றுபோகிறது. என்ன சொல்வதென்று தெரியாமல் ஒதுங்குகிறார்கள். சிலர், "விசுவாசம் பத்தவில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

கைக்குட்டையினால் வியாதிகள் நீங்கின பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டுவந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை எழுதினாரா? இல்லவே இல்லை. தம்முடைய முள்ளை நீக்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்ட பவுலுக்கும் கிருபைதான் பதிலாய் வந்தது. சுகமும் கர்த்தருடைய கையில், காலமும் கர்த்தருடைய கையில். தூக்குவது மாத்திரம் நம்முடைய கையில்.

வலி இருந்தால் வலியை ஆற்றுகிற மருந்தைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கிற மார்பின் மாத்திரை பாவமல்ல. வலியிலே துடிக்கிறவரால் ஜெபிக்கவும் முடியாது, பிள்ளைகளோடு பேசவும் முடியாது. காலைப் பிடித்துவிடுங்கள், உதட்டை நனைத்துவிடுங்கள், அவருக்குப் பிடித்த சங்கீதத்தை மெதுவாய் வாசியுங்கள். லாசருவை எழுப்பப் போகிறேன் என்று அறிந்தும் ஆண்டவர் கண்ணீர்விட்டாரே! உயிர்த்தெழுதலின் நம்பிக்கை உள்ளவன் அழக்கூடாது என்று யார் சொன்னது? அழுதுகொண்டே தூக்குவோம். நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கினாலும் சரி, தேவதூதர் வந்து கொண்டுபோனாலும் சரி, போய்ச் சேருவது அதே இயேசுவின் பாதம்தான். ஆமென்!

இதை வாசிக்கிற தேவ பிள்ளையே, உன் சபையிலே, உன் தெருவிலே ஒரு படுக்கை இருக்கிறது. மூன்று மூலையிலே ஆள் நிற்கலாம், ஒரு மூலையிலே ஆளில்லாமல் இருக்கலாம். அது எந்த மூலை என்று ஆவியானவரிடத்தில் கேள். ஜெபமா, ஆஸ்பத்திரிக்குத் துணையா, ஒரு கிண்ணம் கஞ்சியா, ஒரு பாட்டில் இரத்தமா? இந்த வாரத்திலேயே போய்ப் பிடி.

ஜெபிப்போம்: இரக்கமுள்ள ஆண்டவரே, புற்றுநோயோடு போராடுகிற உம்முடைய பிள்ளைகளை உம் தழும்புள்ள கரத்தினால் தொடும். மருந்து ஏறுகிற நரம்புகளைப் பெலப்படுத்தும். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் ஞானத்தைத் தாரும். ராத்திரியெல்லாம் விழித்திருக்கிற கண்களுக்கு நித்திரையைக் கொடும். வாசலை அடைத்து நிற்கிற கூட்டமாய் எங்களை விட்டுவிடாமல், மூலையைப் பிடித்துத் தூக்குகிறவர்களாய் மாற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் அன்புச் சகோதரன்